பெருங்காயம் தெரியாத மாணவி

1. ஐந்தாம் தட்டு

விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்த வெளித்தேர்வாளர் ஒரு தாளை மட்டும் தனியே எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“இதைப் பாருங்க மேடம். என் சர்வீஸ்ல இப்படி ஒண்ணைப் பார்த்ததில்லை.”

ஐந்தாம் தட்டில் நாங்கள் வைத்திருந்தது பெருங்காயம். அந்த மாணவி அதை வெள்ளைப்போளம் என்ற வேறொரு மருந்துப் பிசின் என்று எழுதியிருந்தாள். அதற்குக் கீழே தாவரப் பெயர், குடும்பம், வேதிப்பொருள், பயன் என்று எழுதியவை எல்லாம் வெள்ளைப்போளத்துக்கு மிகச் சரி. பெருங்காயத்துக்கு ஒன்றும் பொருந்தாது.

“இவங்க வீட்ல ரசமே வைக்க மாட்டாங்களா?” என்றார் அவர்.

தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த லேப் அட்டெண்டர் தாமோதரன் திரும்பிப் பார்த்தார். “எங்க வூட்டுப் பூனைகூட சொல்லிடும் சார், இது பெருங்காயம்னு.”

2000களின் தொடக்க ஆண்டுகள். திருவொற்றியூரில் ஒரு தனியார் பார்மசி கல்லூரியில் நான் பார்மகாக்னசி விரிவுரையாளராக இருந்தேன். வேர், பட்டை, விதை, பிசின் என்று இயற்கையில் கிடைக்கும் மருந்துப்பொருள்களை அடையாளம் காணும் பாடம் அது. பிராக்டிகல் தேர்வில் ஸ்பாட்டர் என்று ஒரு பகுதி உண்டு. நீள மேசையில் தட்டுகளை வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலும் ஒரு பொருளை இடுவோம். மாணவர்கள் தட்டுக்கு ஒருவராக நிற்பார்கள். மணி அடித்தால் அடுத்த தட்டுக்கு நகர வேண்டும். தொட்டுப் பார்க்கலாம், கிள்ளிப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம். வாயில் போடக் கூடாது.

பெருங்காயத்தைத் தேர்வில் வைப்பது, தோற்கும் நிலையில் உள்ளவர்களுக்கு நாங்கள் செய்யும் ஒரு சின்ன உதவி. தட்டை நெருங்குமுன்பே விடை தெரிந்துவிடும். அதையும் ஒருத்தி விட்டுவிட்டாள் என்றால் வகுப்புக்கே வராதவள் என்று அர்த்தம். ஆனால் பதிவெண்ணைப் பார்த்தபோது அது சுகுணாவுடையது. மணலியிலிருந்து வரும் பெண். விடுப்பே எடுக்காதவள்.

2. தனித்தனியாக

பி.ஃபார்ம் முடிக்க என்னென்ன வேண்டும் என்று சேர்க்கை நாளில் பெற்றோர்கள் கேட்பார்கள். எனக்கு அது மனப்பாடம். வருகைப் பதிவு குறையக் கூடாது. கல்லூரியே வைக்கும் செஷனல் தேர்வுகளை எழுதியிருக்க வேண்டும். ரெக்கார்டில் ஒவ்வொரு சோதனைக்கும் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். தியரியில் பாதி மதிப்பெண், பிராக்டிகலில் பாதி மதிப்பெண், இரண்டும் தனித்தனியாக. ஒன்றில் மிஞ்சியதைக் கொண்டு மற்றதில் உள்ள குறையை அடைக்க முடியாது. மருந்துத் தொழிற்சாலையில் பயிற்சி பெற்ற சான்று வேண்டும். இறுதி ஆண்டில் புராஜெக்ட். கடைசியாக, நூலகத்துக்கும் லேபுக்கும் பாக்கி இல்லை என்ற கையெழுத்துகள்.

பெற்றோர்கள் தலையாட்டுவார்கள். அந்த ‘தனித்தனியாக’ மட்டும் பெரும்பாலோர் காதில் விழாது. பிள்ளை தோற்ற பிறகு வந்து நிற்பார்கள். “தியரியிலதான் அவ்ளோ மார்க் வாங்கிகீறானே மேடம், அதுலேர்ந்து கொஞ்சம் எடுத்து இதுல போடக் கூடாதா?” ஒவ்வொரு ஆண்டும் இந்தக் கேள்வி வரும். ஒவ்வொரு ஆண்டும் அதே பதிலைச் சொல்வேன்.

சுகுணா தியரியில் வகுப்பில் முதல் வரிசை. பிராக்டிகலில் தோல்வி. ஸ்பாட்டர் இழுத்தது பாதி, வைவா இழுத்தது பாதி. பெருங்காயம் தெரியாத பெண்ணிடம் வாய்மொழித் தேர்வில் தேர்வாளர் கனிவு காட்டவில்லை.

சில மாதங்களில் துணைத்தேர்வு இருந்தது. அதிலும் போனால் எங்கள் விதிப்படி இறுதி ஆண்டு வகுப்பில் உட்கார முடியாது. ஓராண்டு வீட்டில் இருந்து, மறுபடி எழுதித் தேறி வர வேண்டும். அப்படி வீட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து நான் அதிகம் பார்த்ததில்லை.

பெருங்காய விஷயம் பரவி, வகுப்பில் அவளுக்கு ‘ரசம்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். “ரசம் வந்துட்டா, வழி விடு மச்சி” என்று வராந்தாவில் ஒருவன் சொன்னதை நானே கேட்டேன். அவளும் கேட்டாள். சிரித்துக்கொண்டே போனாள்.

3. மூடியைத் திறக்காதவள்

துணைத்தேர்வுக்கு முன் லேபில் பயிற்சி செய்ய அனுமதி கேட்டு வந்தாள். கொடுத்தேன். சோம்பு, சீரகம், சதகுப்பை, ஓமம் நான்கையும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். லென்ஸை வைத்துக்கொண்டு மளமளவென்று பிரித்துவிட்டாள். சதகுப்பை தட்டையாக ஓரத்தில் இறக்கை வைத்திருக்கும், சோம்பில் வரிகள் புடைத்து நிற்கும் என்று காரணமும் சொன்னாள். ஒன்றும் பிசகவில்லை.

பிறகு லேபிள் இல்லாத ஒரு பாட்டிலை நீட்டினேன். உள்ளே கிராம்புத் தைலம். யாராக இருந்தாலும் முதலில் மூடியைத் திறப்பார்கள். சுகுணா பாட்டிலைச் சாய்த்து, எண்ணெய் கண்ணாடியில் எப்படி இறங்குகிறது என்று வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏன், திறந்து மோந்து பார்க்க மாட்டியா?”

பாட்டிலை மேசையில் வைத்தாள்.

“வராது மேடம்.”

“சளியா?”

“இல்ல மேடம். எப்பவுமே வராது. எந்த வாசனையும் வராது.”

எப்போது தெரியும் என்று கேட்டேன். “சின்ன வயசுல மல்லிப்பூ வாசனையா இருக்குன்னு பொண்ணுங்க சொல்லுவாங்க. நானும் ஆமான்னு சொல்லுவேன். சும்மா பேச்சுக்குச் சொல்றாங்கன்னு நினைச்சேன் மேடம். எல்லாருக்கும் நெஜமாவே ஏதோ வருதுன்னு எட்டாவது படிக்கும்போதுதான் தெரிஞ்சுது.”

அரசு மருத்துவமனையில் காட்டியிருக்கிறார்கள். பிறவியிலேயே இருக்கலாம், செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அவள் செய்த தவறு அப்போதுதான் எனக்கு விளங்கியது. பெருங்காயமும் வெள்ளைப்போளமும் பிசின் கட்டிகள். விரல் சூட்டில் பெருங்காயம் ஒட்டும், வெள்ளைப்போளம் நொறுங்கும். அவள் விரலை நம்பியிருக்கிறாள். நாங்கள் தட்டில் வைத்தது காய்ந்து கல்லாகிப்போன பழைய கட்டி. மூக்கு உள்ளவர்களுக்கு அது புதிதா பழையதா என்ற கேள்வியே எழுந்திருக்காது.

“இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா பார்மசிக்கு லாயக்கில்லைன்னு டிசி குடுத்துடுவாங்க மேடம். ப்ளீஸ், யார்கிட்டயும் என் பேரைச் சொல்லாதீங்க.”

4. ஜன்னலாண்ட குந்திகினு

அந்த வாரமே அவள் அம்மா வந்தார். கணவர் டேங்கர் லாரி ஓட்டுகிறார். மணலியில் தொழிற்சாலைச் சுவர்களுக்கு எதிர்ச்சாரியில் வீடு. ஸ்டாஃப் ரூமில் நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

“இன்னா மேடம், பொண்ணு பெயிலாமே? ராவும் பகலும் படிச்சுகினுதானே இருந்துச்சு?”

பிராக்டிகலில்தான் போயிற்று, மூக்கு விஷயத்தைச் சுகுணா என்னிடம் சொல்லிவிட்டாள் என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“அந்த மூக்கு எங்க ஏரியாவுக்கு வரம் மேடம். கேஸு வாடை வந்தா நாங்கெல்லாம் ஈரத்துணிய மூஞ்சில கட்டிகினு கதவைச் சாத்திகினு கெடப்போம். இது மட்டும் ஜன்னலாண்ட குந்திகினு படிச்சுகினு கீது. தெருவே பேஜாராகி ஓடுது, இவ வந்து, இன்னா ஆச்சு, யார்னா செத்துட்டாங்களான்னு கேக்கறா.”

எனக்கும் சிரிப்பு வந்தது. அம்மா தொடர்ந்தபோது குரல் இறங்கிவிட்டது.

“ஒரு வாட்டி பாலு தீஞ்சு போய் நாத்தம் தெருமுனை வரைக்கும் வருது. இவ அடுப்புக்கு முதுகைக் காட்டிகினு துணி மடிச்சுகினு கீறா. அன்னிக்குத்தான் மேடம் எனக்கு பயம் வந்துச்சு. அடுப்பாண்ட போனா தங்கச்சிய கூட வச்சிக்கோன்னு சொல்லி வச்சேன். அதுலேர்ந்து சோறு கெட்டுதா, பாலு திரிஞ்சுதா, எல்லாத்துக்கும் சின்னவளைத்தான் கூப்புடுவா.” புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நீங்க சொல்லுங்க மேடம். நாளைக்கு மருந்து குடுக்கற எடத்துல இவ நின்னா, அதனால யாருக்குனா எதுனா ஆயிடுமா?”

பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்று வீட்டுக்குப் போகும் ரயிலில் விதிப்புத்தகத்தை முதலிலிருந்து கடைசி வரை படித்தேன். அதுவரை நான் அதை முழுவதும் படித்ததில்லை. தேவைப்படும் பக்கத்தை மட்டும் புரட்டுவதுதான் வழக்கம். வருகை, மதிப்பெண், பயிற்சி, ஆண்டுகளின் உச்சவரம்பு என்று எல்லாம் இருந்தன. ஒரு மாணவருக்கு எந்தெந்தப் புலன்கள் வேலை செய்ய வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. ராயபுரத்தில் இறங்கும்போது தலை வலித்தது.

5. கேட்காத கேள்வி

பிரின்சிபாலிடம் பெயர் சொல்லாமல் பேசிப் பார்த்தேன். அவர் ஏதோ ஒரு ஆய்வுக்குழு வருவதற்கான ஏற்பாட்டில் இருந்தார். அந்த அறையில் எப்போதும் ஏதாவது ஒரு குழு வருவதற்கான ஏற்பாடு நடந்துகொண்டே இருக்கும்.

“ரெகுலேஷன்ல மூக்குன்னு எங்கயாவது இருக்கா மேடம்?”

“இல்லை சார்.”

“இல்லாததை நாம கேள்வியாக் கேட்டு எழுதினா, யுனிவர்சிட்டில அதை விதியா எழுதி அனுப்பிடுவாங்க. அப்புறம் வருஷா வருஷம் நாமதான் எல்லார் மூக்கையும் செக் பண்ணணும். கேக்காதீங்க.”

“ஸ்பாட்டர் மேசையில ஒவ்வொரு தட்டுக்கும் பக்கத்துல ஒரு லென்ஸ் வைக்கலாமா?”

“எல்லாருக்கும்னா வைங்க. ஒருத்தருக்குன்னா வைக்காதீங்க.”

பல ஆண்டுகள் யோசித்தும் அதைவிடச் சரியான நிர்வாகப் பதில் எனக்குத் தோன்றியதில்லை.

நான் உள்தேர்வாளர். தட்டில் என்ன வரும் என்று அவளிடம் சொல்ல முடியாது, சொல்லவும் இல்லை. எளிதானவற்றை மட்டும் பொறுக்கி வைக்கலாமா என்ற யோசனை வந்தது. தேர்வுப் பொருள்களை இறுதி செய்வது வெளித்தேர்வாளர் என்பதால் அந்த யோசனைக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

6. மேல்காற்று

துணைத்தேர்வுக்கும் அதே வெளித்தேர்வாளர்தான் வந்தார். இவ்வளவு தூரம் வர வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எண்ணூர் ஹைரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் ஆட்டோவில் வந்து இறங்கியபோது சட்டையில் புழுதி அப்பியிருந்தது.

“உங்க காலேஜுக்கு வந்து சேர்றதுக்கே தனியா ஒரு டிகிரி குடுக்கணும் மேடம்” என்றார். அலமாரியைப் பார்வையிட்டு, “பெருங்காயத்தை வைங்க. இந்தத் தடவை யார் விடறாங்கன்னு பார்க்கறேன்” என்றார். இந்த முறை கடையிலிருந்து புதிய கட்டியைத் தாமோதரன் வாங்கி வந்திருந்தார். பழையதைக் குப்பையில் போடச் சொன்னதுதான் என் அதிகாரத்துக்கு உட்பட்டது.

அரியர் வைத்திருந்த சிலர் மட்டும் வந்திருந்தார்கள். தேர்வு தொடங்கி, முதல் மணி அடித்த சற்று நேரத்துக்கெல்லாம் மேல்காற்று திரும்பியது. கடற்காற்று அடிக்கும் வரை திருவொற்றியூரில் பிரச்சினை இல்லை. மேற்கிலிருந்து அடித்தால் மணலியில் உள்ளதெல்லாம் எங்களுக்கு வந்துவிடும். அன்று வந்தது அழுகிய முட்டையும் மண்ணெண்ணெயும் சேர்ந்தது மாதிரி ஒரு நாற்றம். எங்கிருந்து என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு தொழிற்சாலையைக் கேட்டால் இன்னொன்றைக் காட்டுவார்கள்.

வெளித்தேர்வாளர் இருமிக்கொண்டே எழுந்தார். “என்னய்யா இது?”

“கலீஜு சார்” என்றார் தாமோதரன், ஜன்னல்களைச் சாத்திக்கொண்டே. “மேல்காத்து அடிச்சா இப்டித்தான். கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிடும். நாம எங்க போறது?”

தேர்வை நிறுத்த விதி இல்லை. எல்லோரும் கைக்குட்டையும் துப்பட்டாவும் கட்டிக்கொண்டு எழுதினார்கள். ஒருவன் சோம்பைக் கிள்ளி, துணியை விலக்கி முகர்ந்து, முகத்தைச் சுளித்துக் கீழே வைத்தான். அடுத்தவளும் அதையே செய்தாள். அந்த நாற்றத்தில் ஓமத்துக்கும் மணம் இல்லை, ஏலக்காய்க்கும் மணம் இல்லை. லென்ஸ் பக்கத்திலேயே இருந்தது. அதைத் தொட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

சுகுணா முகத்தில் எதுவும் கட்டவில்லை. ஒவ்வொரு தட்டிலும் லென்ஸை எடுத்தாள், பார்த்தாள், விரலில் உருட்டினாள், எழுதினாள். பெருங்காயத் தட்டில் ஒரு துணுக்கை விரல்களுக்கிடையே வைத்துக் காத்திருந்தாள். அது ஒட்டியதும் எழுதினாள். வெளித்தேர்வாளர் கைக்குட்டைக்கு மேலே தெரிந்த கண்களால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தாள்கள் வந்தன. மற்றவர்கள் சோம்பையும் சதகுப்பையையும் மாற்றி எழுதியிருந்தார்கள். சுகுணாவின் தாளில் ஒன்றைத் தவிர எல்லாம் சரி. தைலம் இருந்த தட்டுக்கு மட்டும் இடத்தைக் காலியாக விட்டிருந்தாள். போன முறை மாதிரி ஊகித்து எழுதவில்லை.

7. வைவா

அவள் எதிரில் வந்து உட்கார்ந்தபோது அறையில் நாற்றம் முழுதாகப் போயிருக்கவில்லை.

“ஏம்மா, உனக்கு இது ஒண்ணும் பண்ணலையா?”

சுகுணா என்னைப் பார்த்தாள். உள்தேர்வாளர் வாய் திறக்கக் கூடிய இடம் அல்ல. நான் அவளுடைய ரெக்கார்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

“எனக்கு வராது சார்.”

“எது வராது?”

“வாசனை, நாத்தம், ரெண்டும்.”

அவர் பேனாவை மேசையில் வைத்தார். “அப்போ, போன தடவை அந்தப் பெருங்காயம்?”

“ஆமா சார்.”

மதிப்பெண் தாளில் அவள் எண்ணுக்கு நேரே இருந்த கட்டம் காலியாக இருந்தது. அந்தக் கட்டத்தில் விழும் எண்தான் அவளை இறுதி ஆண்டுக்கோ வீட்டுக்கோ அனுப்பும் என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

“சரி. நீ ஆஸ்பத்திரி பார்மசில நிக்கறே. மழைக்காலம். ஆஸ்பிரின் ஆயிரம் மாத்திரை டப்பா, ஏற்கெனவே திறந்தது. கெட்டுப்போச்சா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்குவே?”

ஈரம் பட்ட ஆஸ்பிரினில் வினிகர் வாடை வரும். முதலாண்டு மாணவனும் சொல்லிவிடுவான்.

“வினிகர் வாடை வரும் சார்.”

“அது புஸ்தகத்துல இருக்கு. நீ எப்படித் தெரிஞ்சுக்குவே?”

“மாத்திரை மேல சின்னச் சின்ன ஊசி மாதிரி படிஞ்சிருக்கான்னு பார்ப்பேன்.”

“ஆரம்பத்துல அது கண்ணுக்குத் தெரியாதே.”

“தெரியாது சார்.”

“அப்போ?”

“பக்கத்துல இருக்கறவங்களை மோந்து பார்க்கச் சொல்லுவேன். வீட்லயும் அப்படித்தான் சார், தங்கச்சியக் கேப்பேன்.”

“அவருக்கும் சளி. ஒண்ணும் தெரியலைன்னு சொல்லிட்டார்.”

“டப்பாவை மூடி ஓரமா வச்சிடுவேன். வேற டப்பா வர்ற வரைக்கும் குடுக்க மாட்டேன்.”

“வேற டப்பா இல்லை. வெளியில கியூ நிக்குது. உன்னைத் திட்டறாங்க.”

அதுவரை கவனமாகப் பேசிக்கொண்டிருந்தவள் வீட்டுப் பேச்சுக்கு இறங்கிவிட்டாள்.

“திட்னா திட்டிகினு போட்டும் சார். கெட்ட மாத்திர தின்னுட்டு வயிறு புண்ணாகறதுக்குத் திட்டு வாங்கறது மேலு.”

அவர் பேனாவை எடுத்து எழுதினார். என்ன எழுதினார் என்று என் பக்கத்திலிருந்தே தெரிந்தது. நான் கூட்டிப் பார்த்தேன். போதும்.

அவள் போன பிறகு அவர் சொன்னார்: “மூக்கு நல்லா இருக்கறவன் வினிகர்னு சொல்லிட்டு எழுந்து போயிடுவான் மேடம். அதுக்கு மேல நானும் கேட்டதில்லை.” பிறகு, “அடுத்த ஆளை வரச் சொல்லுங்க. இருட்டறதுக்குள்ள அந்த ரோட்டைத் தாண்டணும்” என்றார்.

சுகுணா இறுதி ஆண்டை முடித்தாள். பயிற்சிச் சான்று, புராஜெக்ட், பாக்கி இல்லை என்ற கையெழுத்துகள் எல்லாம் சேர்ந்தன. நூலகத்தில் ஒரு கையெழுத்துக்காக மட்டும் எல்லோரையும் போல அவளும் அலைந்தாள். மருந்து கொடுக்கும் இடத்தில் இவள் நின்றால் யாருக்காவது ஏதாவது ஆகிவிடுமா என்று அவளுடைய அம்மா கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. பிறகு அவளே வைவாவில் சொல்லிவிட்டாள்.

இதைப் படிக்கும் இளம் ஆசிரியர்களுக்கு என்னிடம் பெரிய அறிவுரை இல்லை. விதிகளை மாற்ற நான் முயன்றதில்லை. அதற்கான தெம்பு அப்போதும் இருக்கவில்லை. ஸ்பாட்டர் மேசையில் லென்ஸ் வைக்கும் வழக்கத்தை மட்டும் ஓய்வு பெறும் வரை விடவில்லை. வைவாவில் சரியான விடை வந்த பிறகு, “அது தெரியாத நிலைமையில என்ன பண்ணுவே?” என்று இன்னொரு கேள்வியும் கேட்டுவந்தேன். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் அதில்தான் தடுமாறினார்கள். என்ன தெரியும் என்று கேட்பதற்கு எங்களிடம் நான்கு ஆண்டுப் பாடத்திட்டம் இருந்தது. தெரியாத இடத்தில் என்ன செய்வாய் என்று கேட்க வைப்பதற்கு மணலியிலிருந்து ஒரு நாற்றம் வர வேண்டியிருந்தது.